பூண்டுப் பரணுக்குக் கீழே ஒரு பள்ளிக்கூடம்

செண்பகனூர் வளைவில் ரோட்டைத் தாங்கி நிற்கிற கல்சுவர் நான் கட்டியது. அதற்கு முன் அங்கே கட்டிய சுவர்கள் எல்லாம் ஒவ்வொரு மழைக்கும் பள்ளத்துக்குப் போயின. என்னுடையது போகவில்லை. தாண்டிக்குடி எஸ்டேட்டில் காப்பிக்கொட்டை காயப்போடுகிற பெரிய களம் நான் போட்டது. அந்தச் சரிவில் களம் நிற்காது என்று ஒரு ஓவர்சியர் சொல்லிவிட்டு ஜீப்பில் இறங்கிப் போனார். அவர் வத்தலக்குண்டு போய்ச் சேர்வதற்குள் நான் அஸ்திவாரம் தோண்ட ஆரம்பித்துவிட்டேன். அடுக்கத்துப் பாதையில் பொதிக்குதிரை வழுக்குகிற இடத்தில் எல்லாம் படிக்கல் பதித்தவனும் நான்தான். கோடைக்கானல் பங்களாக்களில் கணப்பு அடுப்பு புகையை வீட்டுக்குள் கக்கினால், சமையல்காரர்கள் ஓடி வந்து கூப்பிட்டது என்னைத்தான். புகைக்கு எந்தப் பக்கம் போக ஆசை என்று எனக்குத் தெரியும். இதைத் தற்பெருமை என்று நினைக்கிறவர்கள் அந்தச் சுவரைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து பேசலாம்.

இவ்வளவும் செய்தவன் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தது ஒரே ஒரு மழைக்காலம். சின்ன வயதில் பழனி அடிவாரத்தில் என் மாமன் வீட்டில் விட்டிருந்தார்கள். அந்தத் தெருவில் கூரை ஒழுகாத இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான் என்பதால் போய் உட்கார்ந்தேன். மழை நின்றதும் நானும் நின்றுவிட்டேன். எழுத்துகளில் முக்கால்வாசி அந்த மழையில் கிடைத்தது. மீதியைக் கடைப் பலகைகளைப் பார்த்து நானே பிடித்துக்கொண்டேன்.

எங்கள் ஊர் மேல்மலையில், கோடைக்கானலுக்கும் அப்பால் இருக்கிறது. பூண்டும் உருளைக்கிழங்கும்தான் வேலை. ஐம்பதுகளின் கடைசி வரைக்கும் அங்கே பள்ளிக்கூடம் கிடையாது. கோடைக்கானலில் இருந்தது, ஆனால் அங்கே நடந்து போய்ச் சேரும்போது பள்ளிக்கூடம் விட்டுவிடும். பெரிய பெரிய பள்ளிக்கூடங்களுக்கு நான் கல் ஏற்றிப் போயிருக்கிறேன். கல் உள்ளே போகும். நான் கேட்டோடு சரி.

அப்படி இருக்கையில் ஒரு கோடைக்காலத்தில் ஒரு துரைசானியம்மா எங்கள் ஊருக்கு வந்தார். கீழே சமவெளியில் ஏதோ ஊரில் இருப்பவர். வெயிலுக்குக் கோடைக்கானல் வருவார். தமிழைப் புத்தகத்தில் படித்தவர். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அவர் பேசுவது கோயிலில் ஓதுவார் பாடுகிற மாதிரி இருக்கும். புரியாது, ஆனால் நல்லதாகத்தான் இருக்கும் என்று கையைக் கட்டிக்கொண்டு கேட்பார்கள். அவருடைய நாட்டில் சில பெண்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து கேக் சுட்டு விற்று, கம்பளிச் சட்டை பின்னி விற்று, வெளிநாட்டில் படிப்புக்கு வழியில்லாத பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டிக் கொடுக்கிறார்களாம்.

“எந்த வெளிநாடுங்கம்மா?” என்று கேட்டேன்.

“இந்த வெளிநாடுதான்” என்றார்.

அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது, நாங்களும் ஒரு வெளிநாட்டில்தான் குடியிருக்கிறோம் என்று. வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். “அப்ப கப்பல்ல போகாமலே வந்துட்டமா? நல்லதாப் போச்சு, சோத்தத் தின்னுங்க” என்றாள்.

ஊரார் இடம் கொடுத்தார்கள். தாராளமாகவே கொடுத்தார்கள்; எதுவும் விளையாத, காற்று அறைகிற, பாறை மேட்டை. துரைசானியம்மா ஒரு பிளான் கொண்டு வந்தார். நீளமாக ஒரு அறை, தலைக்கு மேலே பலகை அடித்த தட்டு, அதற்கும் மேலே தகரக் கூரை, அறையின் ஒரு கடைசியில் கணப்பு அடுப்பு, அதிலிருந்து வானத்தைப் பார்க்க ஒரு புகைக்கூண்டு. குளிரில் நடுங்குகிற பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பது அவருடைய கட்சி. சரியான பேச்சுதான். கட்டடத்தை நான் எழுப்பிக் கொடுத்தேன். மரம், தகரம், சுண்ணாம்பு எல்லாம் என் மட்டக்குதிரைகளின் முதுகில் வந்தது. காற்று இரண்டு தடவை தகரத்தைப் பிடுங்கிப் பக்கத்துக் காட்டில் போட்டது; இரண்டு தடவையும் போய் எடுத்துக்கொண்டு வந்தேன். மூன்றாவது தடவை காற்றுக்கே அலுத்துவிட்டது.

வாத்தியாரும் வந்தார். பழனிக்காரர். மலைக்கோயிலில் வேலை பார்க்கிற குடும்பம். அங்கே வெயிலில் வெறுங்காலோடு கற்படி ஏறிப் பழகிய மனிதர், எங்கள் ஊர்க் குளிருக்குக் கழுத்தில் ஒரு மப்ளர், தலையில் ஒரு மப்ளர், அதற்கு மேலே ஒரு துண்டு என்று சுற்றிக்கொண்டு திரிந்தார். முகத்தில் மூக்கு மட்டும்தான் வெளியே தெரியும். அந்த மூக்கையும் மூடிவிட்டால் யாரென்றே தெரியாது.

அடுத்த கோடையில் பள்ளிக்கூடம் திறந்தது. ஒரு பிள்ளை வந்தது. அதுவும் என் மகள்.

மற்றப் பிள்ளைகள் ஏன் வரவில்லை என்றால், பூண்டு. எடுத்த பூண்டைக் கட்டுக் கட்டாக வீட்டுப் பரணில் தொங்கவிட்டு, கீழே அடுப்பில் பச்சை விறகு வைத்துப் புகை போடுவோம். புகை பட்ட பூண்டுதான் அழுகாமல் அடுத்த விதைப்புக்கு நிற்கும். தீ எரியவும் கூடாது, அணையவும் கூடாது. கனிந்துகொண்டே இருக்க வேண்டும். புகை போடுகிற வீட்டில் ஆள் இருக்க வேண்டும் என்பது எங்கள் ஊர்ப் பழக்கம். பெரியவர்கள் காட்டுக்குப் போய்விடுவார்கள். அடுப்புப் பக்கத்தில் உட்கார்வது பிள்ளைகள் வேலை.

நான் ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். எனக்கு மச்சான் முறையாகிற ஒருவர், ஊரில் அதிகம் பூண்டு போடுகிறவர், என்னைப் பார்த்துச் சொன்னார்: “மச்சான், நீங்க கட்டுன பள்ளிக்கூடம் ரொம்ப நல்லாருக்கு. எம்மகன் அங்ஙன வந்து உக்காந்தா எம்பூண்டுக்கு ஆரு வந்து உக்காருவா? ஒங்க வாத்தியார அனுப்புறீகளா?”

“அவரு எதுக்கு?”

“அவருதான் சும்மா கெடக்காரு.”

உண்மையில் அவர் சும்மா இல்லை. என் மகள் ஒருத்திக்காக முறையாகப் பள்ளிக்கூடம் நடத்தினார். காலையில் வருகை கூப்பிடுவார். அவள் எழுந்து “உள்ளேன் ஐயா” என்பாள். வகுப்பில் முதல் ரேங்கும் அவள்தான், கடைசி ரேங்கும் அவள்தான். சத்தம் போட்டால் யார் போட்டது என்று தேட வேண்டியதில்லை. ஒரு நாள் அவள் வீட்டுக்கு வந்து, “இன்னிக்கு வாத்தியாரு என்னைய வகுப்புத் தலைவியாப் போட்டாரு” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை. சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டு, நான் முக்கால்வாசியோடு விட்ட எழுத்துகளை முழுசாக எழுதிக்கொண்டிருந்தாள்.

துரைசானியம்மா இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். இரண்டாவது தடவை என்னைத் தனியே அழைத்து, அவருடைய புத்தகத் தமிழில் மெதுவாகச் சொன்னார். சங்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேர் கடல் கடந்து வருகிறார்கள். கோடை முடியும் முன் இங்கே வருவார்கள். பிள்ளைகள் இல்லாத பள்ளியை அவர்கள் நடத்த மாட்டார்கள். அடுக்கத்துப் பக்கம் ஒரு ஊரில் வெகுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். வாத்தியாரையும் பெஞ்சுகளையும் அங்கே அனுப்ப வேண்டியிருக்கும்.

“நீர் வருந்தலாகாது, மேஸ்திரி. எடுத்துச் செல்லும் பணியையும் உமக்கே தருவேன்” என்றார்.

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் நான் ஏற்றிய பெஞ்சை நானே இறக்கிக்கொண்டு, ஊர் நடுவில் குதிரையை ஓட்டிக்கொண்டு போவதா? அதைவிட, வகுப்புத் தலைவியிடம் இதை யார் போய்ச் சொல்வது?

அன்று சாயங்காலம் வீட்டுக்காரி விறகுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு, மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கணப்பை மூட்டியிருந்தார். குளிருக்கு அவர் விறகை மிச்சம் பிடிக்கிற ஆள் இல்லை. புகைக்கூண்டிலிருந்து கெட்டியாகப் புகை போய்க்கொண்டிருந்தது.

“ஏங்க, இம்புட்டுப் புகையவும் வானத்துக்கா போட்டுக்கிட்டு இருக்காரு அந்த மனுசன்?” என்றாள். “அங்ஙன என்ன பூண்டா தொங்குது?”

அவள் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னாள். யோசனை என்னுடையது. இதில் இன்றைக்கு வரைக்கும் எங்களுக்குள் ஒரு வழக்கு இருக்கிறது. அது வீட்டு வழக்கு. இங்கே எழுத வேண்டியதில்லை.

மறுநாள் வெள்ளனே உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனேன். பலகைத் தட்டுக்கும் தகரத்துக்கும் நடுவே ஆள் குனிந்து போகிற அளவுக்கு வெற்றிடம் கிடந்தது. துரைசானியம்மா நாட்டில் குளிர் இறங்காமல் இருக்க அப்படி விடுவார்களாம். நான் கூரை மேல் ஏறிப் புகைக்கூண்டின் வாயில் ஒரு பலகைக்கல்லைப் போட்டு மூடினேன். உள்ளே இறங்கி, தட்டுக்கு மேலே இருக்கிற கூண்டின் பக்கச் சுவரில் ஓட்டை போட ஆரம்பித்தேன். சத்தம் கேட்டு வாத்தியார் ஓடி வந்தார்.

“என்ன மேஸ்திரி பண்றீங்க?”

“புகைய வழி மாத்தி விடுறேன்னு வச்சுக்கங்க.”

“இது துரைசானியம்மா பிளான்ங்க. அவங்க வந்து கேட்டா நான் என்ன சொல்றது?”

“வாத்தியாரே, அவுக வந்து கேக்குறப்ப பதில் சொல்ல நீங்க இங்க இருக்கணுமில்ல? அதுக்குத்தான் இந்தச் சோலி. ஒதுங்கி நில்லுங்க, கல்லு விழும்.”

முதல் நாள் புகை முழுவதும் பலகை இடுக்கு வழியாக வகுப்புக்குள்ளேயே இறங்கியது. வாத்தியாரும் என் மகளும் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே பாறையில் உட்கார்ந்து ஏழாம் வாய்ப்பாடு சொன்னார்கள். இதை என் தோல்வி என்று ஊரில் சிலர் சொல்வதுண்டு. முதல் தடவையே சரியாகப் போகிற புகையை நான் பார்த்ததில்லை. தட்டுக்கு மேலே சாணியும் செம்மண்ணும் குழைத்துக் கனமாகப் பூசினேன். அது காய்ந்த பிறகு மூட்டினோம். புகை நல்ல பிள்ளையாக மேலே போய்ப் பரண் முழுக்கப் பரவி, தகர இடுக்குகள் வழியாக மெல்ல வெளியேறியது. கீழே வகுப்பில் ஒரு இழை புகை இல்லை. சூடு மட்டும் இருந்தது. வாத்தியார் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு மப்ளரைக் கழற்றினார். தாடையைப் பார்த்தேன். சின்ன வயதுக்காரர்தான்.

பிறகு ஊருக்குள் போய் அறிவித்தேன். பூண்டை எல்லாம் பள்ளிக்கூடத்துப் பரணுக்குக் கொண்டு வரலாம். ஊருக்கு ஒரே அடுப்பு, ஒரே புகை. விறகு பாதி மிச்சம். வீட்டுக்குள் கண் எரிச்சல் கிடையாது.

எல்லோரும் தலையாட்டினார்கள். யாரும் கொண்டு வரவில்லை. நான் என் வீட்டுப் பூண்டை முதலில் ஏற்றித் தொங்கவிட்டேன். ஒரு வாரம் கழித்து மச்சான் வந்து, ஏணி போட்டு ஏறி, ஒரு கட்டை முகர்ந்து பார்த்தார். நிறம் பார்த்தார். ஒரு பல்லை உரித்து வாயில் போட்டார். இறங்கிப் போனார். மறுநாள் அவர் பூண்டு வந்தது. அதற்கு மறுநாள் ஊரே வந்தது. ஒவ்வொருவரும் தங்கள் கட்டுக்கு ஒரு அடையாளம் போட்டார்கள்: ஒருவர் சிவப்புத் துணிக் கிழிசல், ஒருவர் ஆட்டு மயிர்க் கயிறு, ஒருவர் மூன்று முடிச்சு.

இங்கேதான் நான் எதிர்பார்த்தது நடந்தது. மச்சான் பரணை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கேட்டார்: “எல்லாம் சரி மச்சான். என் கட்டுலருந்து பக்கத்துக் கட்டுக்காரன் உருவிட்டான்னா?”

“உருவுவாக” என்றேன். “அதுக்குத்தான் வீட்டுக்கு ஒரு ஆளு கீழ உக்காரணும்னு சொல்லுறேன். புகை போடுற எடத்துல ஆளு இருக்கணும்கிறது நம்ம பழக்கந்தான?”

“பெரியாளுக எல்லாம் காட்டுக்குப் போயிருவமே.”

“பெரியாளு எதுக்கு? ஒங்க மகன் போதும். வெரசா வந்து எடம் பிடிச்சு, தன் கட்டுக்கு நேர்கீழ உக்காந்துக்கிறட்டும். பரணுக்கு ஏறுற வழி வகுப்புக்குள்ளதான் இருக்கு.”

மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் நிறைந்துவிட்டது. ஊரில் ஒருவரை ஒருவர் நம்பியிருந்தால் அந்தப் பள்ளிக்கூடத்தை அன்றைக்கே மூடியிருப்பார்கள். வயசு வாரியாகவோ உயர வாரியாகவோ யாரும் உட்காரவில்லை. சிவப்புத் துணிக்குக் கீழே ஒருவன், மூன்று முடிச்சுக்குக் கீழே ஒருத்தி என்று தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்தார்கள். முதல் இரண்டு நாள் வாத்தியார் கரும்பலகையில் எழுதினால் ஒரு கண்ணும் அங்கே இல்லை. எல்லாம் மேலே இருந்தது. சும்மா மேலே பார்த்துக்கொண்டே இருந்தால் கழுத்து வலிக்கும். கழுத்து வலித்தால் கீழே பார்க்க வேண்டும். கீழே பார்த்தால் கரும்பலகை. என் மகள், வகுப்புத் தலைவி, எழுந்து நின்று வருகை கூப்பிட ஆரம்பித்தாள். அவள் குரல் எங்கள் வீட்டு வாசல் வரைக்கும் கேட்டது.

சங்கத்துப் பெரியவர்கள் இரண்டு பேரையும் துரைசானியம்மாவையும் ரோடு முடிகிற இடத்திலிருந்து நான்தான் என் மட்டக்குதிரைகளில் ஏற்றிக்கொண்டு வந்தேன். பெரியவர்களில் ஒருவர் குட்டை, அவருக்குக் குதிரை சரியாக இருந்தது. இன்னொருவர் நெட்டை; குதிரை மேல் உட்கார்ந்தும் அவர் கால் தரையில் நடந்து வந்தது. புகை விஷயத்தைத் துரைசானியம்மாவிடம் வழியில் சொல்லலாம் என்று நினைத்திருந்தேன். ஏற்றத்தில் பேச மூச்சு இல்லை. மேடு தெரிகிற திருப்பத்துக்கு வந்ததும் அவரே பார்த்துவிட்டார். பள்ளிக்கூடத்துத் தகரம் ஒவ்வொன்றின் அடியிலிருந்தும் புகை வந்துகொண்டிருந்தது. புகைக்கூண்டிலிருந்து மட்டும் வரவில்லை.

அவர் குதிரையிலிருந்து குதித்து ஓடினார். அந்த வயதில், அந்தப் பாவாடையில், அந்த ஏற்றத்தில். நெட்டையர் பின்னால் ஓடினார். குட்டையர் என் தண்ணீர்த் தோல்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடினார். “அம்மா, நில்லுங்க, அது பூண்டுங்க” என்று கூவிக்கொண்டு நான் கடைசியில் ஓடினேன். அவர் கதவைத் திறந்தபோது உள்ளே பிள்ளைகள் எல்லோரும் எழுந்து நின்று, “வணக்கம் அம்மா” என்று இழுத்துச் சொன்னார்கள். வாசலில் தோல்பையோடு நின்ற குட்டையருக்கும் ஒரு வணக்கம் விழுந்தது.

துரைசானியம்மா மூச்சு வாங்கிக்கொண்டு தட்டைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

“மேஸ்திரி. என் புகைக்கூண்டை என் செய்தீர்?”

சொன்னேன். ஏணியைக் காட்டினேன். நெட்டையர் ஏறிப் பரணுக்குள் தலையை விட்டார், தும்மிக்கொண்டே இறங்கினார். அவர் முகம் சரியில்லை. இங்கிலீஷில் என்னவோ சொன்னார். சங்கம் உதவியது பள்ளிக்கூடத்துக்கு, பூண்டு அடுக்குகிற கிட்டங்கிக்கு இல்லை என்கிறார் என்று வாத்தியார் என் காதில் சொன்னார். துரைசானியம்மா முன் பெஞ்சில் இருந்த மச்சான் மகனிடம் குனிந்து கேட்டார்: “குழந்தாய், நீ எதன் பொருட்டு இங்கு வருகிறாய்?”

பயல் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. “பூண்டப் பாத்துக்கிறதுக்கு” என்றான்.

முடிந்தது என்று நினைத்தேன். பெஞ்சுகளை எந்தக் குதிரையில் ஏற்றுவது என்றுகூட மனசு கணக்குப் போட்டது. துரைசானியம்மா நிமிரவில்லை. “பூண்டு மேலே இருக்கிறது. உன் கையில் இருப்பது என்ன?” என்று கேட்டார்.

“சிலேட்டு.”

“அதில் என்ன?”

“எம்பேரு. நேத்துத்தான் வந்துச்சு.” திருப்பிக் காட்டினான். கடைசி எழுத்து சிலேட்டில் இடம் பற்றாமல் மரச் சட்டத்தில் ஏறியிருந்தது. பின்னால் இருந்த ஒருத்தி அவளுடையதைக் காட்டினாள். அப்புறம் எல்லோரும் எழுந்து நின்று காட்டினார்கள். நெட்டையருக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் பெஞ்சு பெஞ்சாக நின்று எல்லாச் சிலேட்டையும் பார்த்தார். கடைசியில் அடுப்புப் பக்கம் போய், தலைக்கு மேலே தட்டில் கையை எட்டி வைத்துப் பார்த்தார். சூடு இருந்தது, புகை இல்லை. தன் கோட்டைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டார்.

பள்ளிக்கூடம் எங்கள் ஊரிலேயே இருந்தது. அடுக்கத்துப் பக்கத்து ஊருக்கும் பிறகு தனியாக ஒன்று கிடைத்தது. யாரும் கெட்டுப் போகவில்லை. பூண்டு விதைப்புக்கு இறங்கியபோது பிள்ளைகளும் இறங்கிவிடுவார்கள் என்று பயந்தேன். சிலர் போனார்கள். பெரும்பாலானவர்கள் வந்தார்கள். பகலில் வீடு அமைதியாக இருப்பது தாய்மார்களுக்குப் பிடித்துப்போயிருந்தது. என் மகள் அங்கே ஐந்தாவது வரைக்கும் முடித்துக் கோடைக்கானலில் விடுதியில் தங்கி மேலே படித்தாள். நான் நின்றுவிட்ட அந்தக் கேட்டுக்குள் நடந்தே போனாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அறுபதுகளில் அந்தச் சங்கம் மேல்மலையில் இன்னும் சில ஊர்களில் பள்ளிக்கூடம் கட்டியது. எல்லாவற்றிலும் முதலிலேயே பலகைத் தட்டு, மேலே பரண், பரணுக்குள் திறக்கிற புகை வழி. கட்ட வந்தவர்கள் என்னிடம் பிளானைக் காட்டினார்கள். நான் உளியால் போட்ட ஓட்டையை ஸ்கேல் வைத்து அழகாக வரைந்திருந்தது. யார் போட்டது என்று கேட்டேன். நெட்டையர் என்றார்கள். அவர் நாட்டில் அதற்கு அவரை மெச்சினார்களாம். மெச்சட்டும், நல்ல மனிதர், தும்மினாலும் கோட்டைக் கழற்றினார். ஆனால் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து வாசலில் அதற்குப் பிறகு பதித்த கல்லில், மலைப்பிள்ளைகளுக்காக இதை எண்ணி வடிவமைத்து அளித்தவர்கள் கடல் கடந்த நண்பர்கள் என்று வெட்டியிருக்கிறது. அளித்தவர்கள் அவர்கள்தான், கேக் சுட்ட பெண்களை நான் குறை சொல்ல மாட்டேன். ‘எண்ணி வடிவமைத்து’ என்கிற இரண்டு வார்த்தையைத்தான் கேட்கிறேன். எண்ணியது யார்? கூரை மேல் ஏறியது யார்? சாணி குழைத்தது யார்? அந்தக் கல்லையே கொண்டு வந்து பதித்ததும் நான்தான். பதிக்கும்போது எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டே பதித்தேன். கலவை காய்கிற அவசரத்தில் அப்போது வாதாடவில்லை.

பள்ளிக்கூடத்துக்கு இப்போது பொறுப்பாக இருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். அந்த இரண்டு வார்த்தையைச் செதுக்கி எடுக்க வேண்டும். அடியில் ஒரு வரிக்கு இடம் கிடக்கிறது. அதில், புகையைப் பரணுக்குத் திருப்பிப் பிள்ளைகளை வரவழைத்தது இந்த ஊர் மேஸ்திரி என்று வெட்ட வேண்டும். உளி என்னிடம் இருக்கிறது, கையும் இன்னும் நடுங்கவில்லை. எழுத்தைச் சுண்ணாம்பால் யாராவது பிழையில்லாமல் எழுதிக் கொடுங்கள். வெட்டுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.